எழுபத்தைந்து கிலோவும் ஓர் இருப்புச்சட்டியும்

2024 நவம்பர் 18, திங்கள், காலை 6.12

அக்காவின் எடை 78.4 கிலோ. குறைய வேண்டியது 3.4. இருப்பது 55 நாள்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். ஜனவரி 12 அன்று அருப்புக்கோட்டையில் கல்யாணமான பெண்களுக்கு மட்டும் கபடிப் போட்டி. எடை வரம்பு 75 கிலோ. அக்கா மாரிக்கனிக்கு வயது 38. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மாவட்ட அணியில் ஆடியவள். கடைசி ஆட்டத்தில் அருப்புக்கோட்டைத் தவமணி இவள் கணுக்காலைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு புள்ளியில் தோல்வி. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அதே தவமணி எதிர் இலையில் உட்கார்ந்து, அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "இப்பெல்லாம் உன்னைப் பிடிக்க ஆளே வேண்டாம்டி. நீயே உக்காந்துருவ" என்றாளாம். அக்கா பாயசத்தைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்து எங்கள் தெரு அணியில் பெயர் கொடுத்துவிட்டாள்.

நான் பி.டெக், எண்ணெய்த் தொழில்நுட்பம். விருதுநகரில் ஓர் எண்ணெய் ஆலையில் தரப் பரிசோதனை ஆய்வகம். வேலை கிடைத்த இரண்டு வருஷமாக அக்கா வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். ஆகவே அக்காவின் எடை என் பொறுப்பு என்று இன்று காலை அறிவித்தேன்.

"நீ அறிவிச்சா எடை கேட்டுக்கிடுமா?" என்றாள்.

கேட்கும். சில ஆய்வுக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். பெண்களின் உடல் பருமனுக்கும் அவர்கள் சாப்பிடும் கொழுப்பின் தரத்துக்கும் தொடர்பு உண்டு என்கின்றன. எவ்வளவு தொடர்பு என்பதைக் கடைசிப் பத்தியில் இழுத்து இழுத்து எழுதியிருந்தார்கள். அதைத் தாண்டிவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

சமையலறையைச் சோதித்தேன். பாமாயில் இரண்டு பாக்கெட். பாதிக்குப் பாதி உறையும் கொழுப்பு. வெளியேற்றினேன். கடலை எண்ணெய் இரண்டு லிட்டர், நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கி வைத்தேன். மூன்று பேருக்கு மாதம் மூன்று லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தரம் சரியாகிவிட்டால் அளவு பெரிய விஷயம் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். வாயில் போவதையெல்லாம் எழுத வேண்டும்.

மாமா பஸ் டெப்போ மெக்கானிக். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஆயிலை மாத்துனா பஸ்ஸோட எடை குறையுமா மாப்ள?" என்றார். இவரோடு விவாதிப்பதில்லை.

நவம்பர் 20, புதன்

மாலையில் அணியின் பயிற்சிக்குப் போனேன். ஒன்பது பெண்கள். பயிற்சியாளர் ஹெப்சிபா, பள்ளி பி.டி. டீச்சர். எங்கள் வீட்டுத் தராசு நம்பத்தக்கதல்ல; அவரிடம் நல்ல டிஜிட்டல் தராசு இருக்கிறது. சரிபார்த்துத் தருகிறேன் என்று ஆய்வகத்திலிருந்து எடைக்கற்கள் எடுத்துப் போயிருந்தேன்.

"நீங்கதான் எண்ணெய் சாரா?"

"தரப் பரிசோதனை."

"அதத்தான் சொன்னேன்."

தராசு மிகச் சரியாக இருந்தது. அடுத்த வாரமும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நவம்பர் 25, திங்கள்

78.3. நூறு கிராம். தொடக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

அக்காவின் நோட்டு அப்பழுக்கில்லை. காலை இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், கீரை. இரவு இரண்டு தோசை. ஒரு மருத்துவர் பார்த்தால் சட்டம் போட்டு மாட்டுவார்.

டிசம்பர் 2, திங்கள்

78.6.

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்று எழுத மனமில்லை. எடை ஏறியிருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் மைதானத்தில் ஓடுகிறாள். ஒரு கரண்டி சோறு. உயர்ந்த கொழுப்பு. ஏறுகிறது.

அக்காவிடம் நேராகவே கேட்டேன். "நோட்டுல பொய் எழுதறியா?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "பொய் எழுதறதா இருந்தா எடையைக் குறைச்சு எழுதியிருக்க மாட்டேனாடா?"

வாதம் சரி.

மாமா இடையில் புகுந்து, புது எண்ணெய் வந்ததிலிருந்து சாப்பாடு கல்யாண வீடு மாதிரி மணக்கிறது என்றார். நல்லதுதானே என்று அக்கா கொஞ்சம் தாராளமாக ஊற்றுகிறாளாம். இந்தத் தகவலைக் குறித்துக்கொள்கிறேன். மாமா சொன்னது என்பதால் அடிக்கோடு போடவில்லை.

இரவுச் சாப்பாடு: சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் நாலு. வறுவலும் அப்பளமும் இல்லாமல் ரசம் எனக்கு இறங்காது. அது அக்காவுக்குத் தெரியும்.

டிசம்பர் 9, திங்கள்

78.8. இது அறிவியலுக்கு அவமானம்.

மைதானத்தில் ஹெப்சிபா டீச்சர் சொன்னார், "எண்ணெய் சார், உங்க வைத்தியத்துல மாரியக்காவுக்குச் சதை போடுது. இன்னும் முப்பத்து நாலு நாள்தான் இருக்கு. ஏழு பேர்ல ரெய்டுக்கு எனக்கு அவங்கள விட்டா ஆள் கிடையாது."

தராசில் கோளாறு இருக்கலாம் என்றேன். மூன்றாவது முறையாகச் சரிபார்த்தேன். கோளாறு இல்லை. டீச்சர் பக்கத்தில் நின்று எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஐந்து கிலோக் கல்லை ஒரு கையால்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள், "தவமணி 74க்கு வந்துட்டாளாம். பஸ்ல பாத்த ஆளு சொன்னாங்க." குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே சட்டையை மூன்று முறை உதறினாள்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. மழை. அகல் நிற்கவில்லை. அக்கா சுட்ட அப்பத்தில் நான் ஒன்பது. அக்கா நோட்டில்: அப்பம், ஒன்று.

டிசம்பர் 14, சனி, மதியம் 1.40

கண்டுபிடித்துவிட்டேன். நனைந்த சட்டையை மாற்றாமலே எழுதுகிறேன்.

மழையில் ஆலைக்குள் தண்ணீர் புகுந்து பாய்லரை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. சமையலறையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அடுப்பின் மேல் இருப்புச்சட்டி. வாழைக்காய் வறுத்த சட்டி. வறுவலை எங்களுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். சட்டியின் அடியில் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் கருகின பூண்டும். அதில் இரண்டு கை சோற்றைப் போட்டு, சட்டியை ஒரு துணியால் பிடித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றித் துடைத்துப் பிசைந்து, உருண்டை உருண்டையாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

"இது என்ன?" என்றேன்.

திடுக்கிடவில்லை. "சட்டி கழுவுறேன்."

"சாப்பிடுற."

"சாப்பாடு இனிமேத்தான்டா. உக்காந்து, தட்டுல போட்டுச் சாப்பிட்டா அது சாப்பாடு. இது சும்மா ஒட்டுனதை வழிக்கிறது. வீணாக்கவா முடியும்?"

"நோட்டுல எழுதலையே."

"சட்டி கழுவுறதையெல்லாமா எழுதச் சொன்ன?"

அவள் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் கேட்ட கேள்வியில் இந்தச் சட்டி இல்லை.

"தினமுமா?"

"வறுத்தா, தாளிச்சா. நீதான் தினமும் ரெண்டு வேளை வறுவல் கேக்கறியே."

கடைசி வாக்கியம் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாதது.

அதே நாள், மாலை 5.30

அடுப்புத் திட்டின் மூலையில் ஒரு சின்னத் தூக்குச்சட்டி. இரண்டு வருஷமாக அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போகிறேன். இன்று திறந்தேன். காப்பி நிறத்தில் எண்ணெய். அப்பளம் பொரித்து மிஞ்சியது. அடியில் தீபாவளி முறுக்கின் துகள்கள்.

"இது யாருக்கு?"

"என் தோசைக்கு. உங்க ரெண்டு பேருக்கும் புதுசுலதான் ஊத்துறேன், பயப்படாத."

ஒரு சீசாவில் ஊற்றி எடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

78.7.

ஆய்வக முடிவு. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் கெட்டுப்போன கூறுகள் நூற்றுக்கு 25ஐத் தாண்டினால் கீழே கொட்ட வேண்டும் என்பது விதி. அக்காவின் தூக்குச்சட்டியில் 31. நான் வாங்கிக் கொடுத்த உயர்தர எண்ணெயின் உயர்தரம் முழுவதும் எனக்கும் மாமாவுக்கும் வந்திருக்கிறது. தரம் போன பிறகு மிச்சம் அக்காவுக்கு.

அளவையும் பார்த்தேன். நேற்று இரண்டு வேளையும் இருப்புச்சட்டியை வறுவலுக்கு முன்னும் பின்னும் எடைபோட்டேன். அக்கா பக்கத்தில் நின்று, "அதுக்கும் குறைக்கணுமா?" என்று கேட்டாள். வீட்டில் நாளுக்குச் செலவாகும் எண்ணெய் 100 மில்லி. சட்டியிலும் தூக்கிலும் தங்குவது ஏறக்குறைய 40. மிச்சம் 60ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 20. தங்கிய நாற்பதும் ஒரே ஆளுக்கு.

மாமா 20. நான் 20. அக்கா 60.

நான் எழுதி வைத்திருந்தது 33, 33, 33. ஒரு வீட்டு எண்ணெயைத் தலைகளால் வகுத்தேன். ஆலையில் ஒரு பயிற்சி மாணவர் இப்படிக் கணக்குக் கொடுத்திருந்தால் தாளை அவர் முன்னாலேயே கிழித்திருப்பேன்.

கடலை எண்ணெயோ பாமாயிலோ, ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். இது எனக்கு முதல் வருஷத்திலேயே தெரியும். தரம் மாறினால் உடம்புக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல எண்ணெயை மூன்று மடங்கு சாப்பிட்டால் நல்ல விதத்தில் குண்டாகலாம், அவ்வளவுதான். அந்தக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியை இன்று படித்தேன். இதைத்தான் இழுத்து இழுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 17, செவ்வாய்

மைதானத்தில் ஒன்பது பெண்களையும் வரிசையாக நிறுத்தி நேராகவே கேட்டேன்: "யார் யார் சட்டியில சோறு போட்டுச் சாப்பிடுறீங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், மைதானத்து மாடுகள் திரும்பிப் பார்த்தன. எட்டுக் கைகள் உயர்ந்தன.

உயராத கைக்காரர் ராஜகனி என்ற மெலிந்த பெண். "நீங்க சாப்பிடுறது இல்லையா?" என்றேன்.

"எங்க வீட்டுல மாமியா சாப்பிட்டுருவாங்க சார். எனக்கு வாச்சதே இல்ல."

மாமியார் எத்தனை கிலோ என்று கேட்டேன். 86 என்றாள்.

"உங்க வீட்டு ஆம்பளைங்க?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டேன். அவர்களுக்குச் சட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்றார் பின்வரிசையில் ஒருவர். மறுபடி அந்தச் சிரிப்பு.

ஹெப்சிபா டீச்சரும் கை தூக்கியிருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். "நான் தனியாத்தான் சமைக்கிறேன் எண்ணெய் சார். தட்டுக்கு மாத்துறதே இல்ல." தனியாக என்ற தகவல் ஆய்வுக்குப் பயன்படலாம்.

டிசம்பர் 18, புதன்

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டத்தை இரட்டிப்பாக்கச் சொல், ஓடுகிறேன்; சோற்றை நிறுத்தச் சொல், நிறுத்துகிறேன்; சட்டியில் மிஞ்சியதைக் கழுவி ஊற்று என்றால் கை வராது என்கிறாள். "அத்தனை ருசியும் அதுலதான்டா இறங்கி நிக்குது. சாக்கடைக்குப் போகணுமா?"

இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது. தாமதிக்க முடியாது. அந்தச் சோற்றை நான் சாப்பிடுகிறேன் என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீயா? நின்னுக்கிட்டா?"

பரிசோதனை நோக்கத்துக்காக.

தூக்குச்சட்டியைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. மொத்தத்தையும் எடுத்துப்போய் ஆலையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் ஊற்றிவிட்டு, சட்டியைக் கழுவி மஞ்சள்பொடி போட்டு வைத்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

கத்தரிக்காய் வறுத்த சட்டி. கடவுளே.

டிசம்பர் 20, வெள்ளி

நேற்று ஆய்வுக் குறிப்பு சரியாக எழுதவில்லை. முறையாக எழுதுகிறேன். சட்டி இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். சோறு குழையக் கூடாது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் கருகலைக் கரண்டியால் சுரண்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் வறுவல் சாப்பிடுகிறேன். அதன் உயிர் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அக்கா இவ்வளவு காலம் வாயைத் திறக்காததில் ஆச்சரியம் இல்லை.

நாளைக்குச் சேனைக்கிழங்கு வறுக்கச் சொல்லியிருக்கிறேன். மாதிரிகள் பலவகையாக இருப்பது அவசியம்.

டிசம்பர் 22, ஞாயிறு

77.6. ஆறு நாளில் ஒரு கிலோ நூறு.

அக்கா தராசிலிருந்து இறங்காமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக்குப் போய் எதையோ எடுப்பதுபோல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பும்போது, "பாடிப் பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டு, மாமாவை எதிராளியாக நிறுத்தி, கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, "கபடி கபடி" என்று மூச்சடக்கிப் பாய்ந்தாள். மாமாவின் முட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது மிக்ஸி ஜாடி விழுந்தது.

"நான் மெக்கானிக்கு. என்னை அடிச்சு என்ன பண்ணப் போற?" என்றார் மாமா. ஆனால் மறுபடி வந்து நின்றார்.

டிசம்பர் 29, ஞாயிறு

76.7.

தராசை நான்காவது முறையாகச் சரிபார்த்தேன். டீச்சர் இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. துல்லியம் முக்கியம்.

2025 ஜனவரி 2, வியாழன்

ஆலைக்குப் போடும் இரண்டு பேண்ட்டும் சுருங்கிவிட்டன. சலவைத்தூளை மாற்ற வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

75.8. அக்கா இட்லியை இரண்டிலிருந்து ஒன்றாக்கப் பார்த்தாள். தடுத்துவிட்டேன். பட்டினி கிடந்தால் மைதானத்தில் மூச்சு நிற்காது. டீச்சரும் அதையே சொன்னார். நானும் டீச்சரும் பல விஷயங்களில் ஒரே கருத்து.

மூன்றாவது பேண்ட்டும் சுருங்கிவிட்டது. அது துவைக்காதது.

ஜனவரி 12, ஞாயிறு, மாலை 7.15

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காலை 8.05. அருப்புக்கோட்டை. பந்தலில் எடைபோடும் மேசை. ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும். அக்கா ஏறினாள். 75.2.

நேற்று வீட்டில் 74.9 காட்டியது. வீட்டுத் தராசைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்கிறேன். நாற்பது கிராம் சங்கிலியைக் கழற்றினாள், வளையல், மெட்டி எல்லாம் என் சட்டைப்பையில். 75.1. மேசைக்காரர், "அம்மா, ஒன்பது மணிக்கு மூடிருவேன்" என்றார். அந்தப் பக்கம் தவமணி 74.3இல் இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். ஓடினால் ஆட்டத்துக்குக் கால் இருக்காது என்றார் டீச்சர். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் ஜாக்கெட்டின் முதுகில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன்.

"தலைக்குக் குளிச்சியா?"

"நல்ல நாளும் அதுவுமா குளிக்காம வருவாங்களா?"

இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. ஈரத்தை அப்படியே முறுக்கிக் கொண்டை போட்டு, மேலே இரண்டு முழம் மல்லிகை வேறு.

அடுத்த நாற்பது நிமிஷம். மாமா துண்டு, என் துண்டு, பந்தல்காரர் துண்டு. எட்டுப் பெண்கள் சுற்றி நின்று முடியைப் பிரித்துப் பிரித்து உதறினார்கள். ராஜகனி முறத்தால் வீசினாள். டீச்சர் மேடைக்குப் போய் ஒலிபெருக்கிக்காரரின் மேசை விசிறியைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டு வந்தார். நான் முடி துவட்டிய துண்டுகளை எடைபோட்டு அறிவித்துக்கொண்டிருந்தேன்: "நூற்றுப்பத்து. நூற்று எண்பது. இருநூற்று இருபது." ஒவ்வொரு எண்ணுக்கும் பந்தலில் கைதட்டல்.

8.52. 74.9.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொண்டை இல்லை. 29க்கு 27 என்று தோற்றோம். ஆனால் கடைசிக்கு முந்தின ரெய்டில் அக்கா பாடிக்கொண்டு போனபோது தவமணி அதே கணுக்காலைப் பிடித்தாள். அதே பிடி. அக்கா விழுந்தாள். விழுந்தவள் மூச்சை விடவில்லை. தவமணியைக் காலோடு இழுத்துக்கொண்டே, இரண்டு முழங்கையையும் மண்ணில் ஊன்றி, ஒரு முழம், இரண்டு முழம், கோட்டைத் தொட்டாள். நான் மாமாவின் தோளில் ஏறி நின்றிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். மாமா "எறங்கு மாப்ள, பாரம் தாங்கல" என்று கத்தினாராம்.

ஆட்டம் முடிந்து தவமணி வந்தாள். முழங்கையெல்லாம் ரத்தம், இருவருக்கும்.

"நான் ஆறு மாசமாக் குறைச்சேன்டி. நீ ஒரே மாசத்துல எப்படிக் குறைச்ச?"

"வறுத்த சட்டியில சோறு போட்டுத் திங்கிறத விட்டேன்."

தவமணியின் முகம் மாறியது. "அது கணக்குல வருமா?"

"வருமாம்."

"நீ திங்கலேன்னா அது என்ன ஆகும்? கொட்டுறியா?"

"கொட்ட மனசு வரல. என் தம்பி தின்னான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல. சட்டையின் நாலாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தை. அது எப்போது தெறித்தது என்று தெரியாது. மாமாவின் தோளில் இருந்தபோதாக இருக்கலாம். டீச்சர் குனிந்து தேடி, பட்டனை எடுத்து என் கையில் வைத்தார். "துல்லியமா இந்த இடத்துலதான் கிடந்துச்சு எண்ணெய் சார்" என்றார்.

திரும்பும்போது மாமா எல்லோருக்கும் எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அக்கா ஒன்று சாப்பிட்டாள். உட்கார்ந்து, இலையில் போட்டு.

இனிச் செய்ய வேண்டியவை:

1. நாளை காலை 6.12க்குத் தராசில் நான் ஏற வேண்டும். எண் எதுவானாலும் இந்த நோட்டில் எழுத வேண்டும்.

2. சலவைத்தூள் மாற்ற வேண்டாம்.

3. அப்பளத்தைப் பொரிக்காமல் தணலில் சுட வேண்டும். சுடுவது நான்.

4. வறுவல் வாரம் இரண்டு முறை. ரசம் இறங்காவிட்டால் இறங்காமல் இருக்கட்டும்.

5. எண்ணெய்க் கணக்கில் இனித் தலைகளால் வகுக்கக் கூடாது. சட்டிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வகுக்க வேண்டும்.

6. ராஜகனியின் மாமியாரைப் பார்த்துப் பேச வேண்டும். ஜாக்கிரதையாக.

7. டீச்சரின் தராசை ஐந்தாவது முறை சரிபார்க்க வேண்டும். எடைக்கற்கள் வேண்டாம். சும்மா போக வேண்டும்.

8. நாளை முதல் இருப்புச்சட்டி கழுவுவது என் வேலை. சோப்புப் போட்டு.